உள்பக்கம் சாம்பல்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இதுவரை எங்கள் வீட்டில் ஒரு வாளியின் நிறத்தைக்கூட நான் முடிவு செய்ததில்லை. திரைச்சீலை, சோபா உறை, என் சட்டை எல்லாமே மனைவியின் தேர்வு. வாயைத் திறந்தால், உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்பாள். அப்படியே கவலையில்லாத மனிதனாக வாழ்ந்துவிட்டேன். ஒரே ஒரு பொருளாவது என் நிறத்தில் இருந்தே தீர வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன்பு சபதம் எடுத்தேன்.

அந்தப் பொருள் கீபோர்டு. பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்தது. பகலில் அவள் அதில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள் அடிப்பாள், சாயங்காலம் நான் எதையாவது தட்டுவேன். அதன் பெட்டி கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக். உள்ளே ஓடும் ஒயரெல்லாம் அப்படியே தெரியும். சிவப்பு அடிக்கப் போகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கோ அந்த ஒயர்களைப் பார்த்தால் குடலைப் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

"சாம்பல் கலர் அடிச்சுடுங்க," என்றாள்.

"சிவப்புன்னு சொல்லிட்டிருந்தேனே?"

"சிவப்பெல்லாம் வேண்டாம். சாம்பல்தான் அடக்கமா இருக்கும்."

எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்றால் முடிந்ததுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வழி அவரிடம்தான் கிடைத்தது. வெளியே அடித்தால் கை பட்டுப் பட்டு உரிந்துவிடும், உள்பக்கம்தான் அடிக்க வேண்டும் என்றார். ஆனால் முதல் பூச்சு மட்டுமே வெளியே தெரியும், அதற்குமேல் எதை அடித்தாலும் உள்ளே பார்ப்பவனுக்குத்தான் தெரியும் என்று எச்சரித்தார். பத்தொன்பது வருஷமாக நான் தேடிய சட்டத்தின் ஓட்டை அது.

முதலில் சிவப்பு. அதன்மேல் சாம்பல். வெளிப்பக்கம் முழுக்கக் காகிதமும் டேப்பும். அவள் எட்டிப் பார்த்தால் சாம்பல் தெரியும். திருகி மூடிய பிறகு சிவப்பு தெரியும். சுரண்டினால் அக்ரிலிக் கீறிவிடும், ஆகவே மேல்முறையீடு கிடையாது.

அவள் அக்கா வீட்டுக்குப் போன இரண்டு நாளில் சிவப்பை முடித்தேன். உள்பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, துடைத்து, தூசி பறக்கக் கூடாதென்று மின்விசிறியை அணைத்து, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஐந்து பூச்சு அடித்தேன். எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை. பிறகு அவள் கண்ணெதிரிலேயே சாம்பல் அடித்தேன்.

அங்கேதான் மனசு உறுத்தத் தொடங்கியது. தினமும் வந்து குனிந்து பார்ப்பாள். நல்லா வந்திருக்கு என்பாள், பக்கத்தில் டீ வைத்துவிட்டுப் போவாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஏமாற்றியதே இல்லை, எல்லாவற்றையும் நேருக்கு நேர் அறிவித்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். யோசித்தால், அந்தத் திரைச்சீலை வாங்கியபோது எனக்கென்று ஒரு விருப்பம் இருந்ததா என்பதே ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும் உன் இஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை உரித்தேன். செக்கச்செவேல் என்று பளபளத்தது. எல்லாவற்றையும் பொருத்தி மேஜையில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். வெற்றி முழக்கம் செய்வதாக இருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மன்னிச்சுக்கம்மா. உனக்குத் தெரியாம சிவப்பு அடிச்சுட்டேன். அஞ்சு பூச்சு."

அவள் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, மணிக்கட்டை வைத்துக்கொள்ளும் சின்னத் திண்டு ஒன்றை எடுத்து வந்து கீபோர்டுக்கு முன்னால் வைத்தாள். அதுவும் சிவப்பு.

"இதை எப்ப வாங்கினே?"

"சாம்பல் அடிங்கன்னு சொன்ன அன்னிக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புதான் வேண்டுமென்றால் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"மூணு மாசமா சிவப்பு அடிக்கப்போறேன், அடிக்கப்போறேன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தீங்க. வேண்டாம்னேன். ஒரே வாரத்துல முடிச்சுட்டீங்க."

சமையலறைப் பக்கம் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அப்புறம், பெயின்ட் அடிக்கிறேன்னு அந்த பால்கனிக் கதவைத் தொட்டுடாதீங்க."

உப்புத்தாள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.