உங்கள் தங்கையின் பிரிகை குறித்து

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம். உங்கள் தங்கையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த இந்த ஐந்து மாதமாக அவள் நின்ற இடத்தில் நின்றபடியே எங்கோ போய்விடுகிறாள். உடம்பு இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. பாத்திரத்தை எந்தத் திசையில் தேய்த்தால் கறை போகும் என்று நான் காரண காரியத்தோடு விளக்கிக்கொண்டிருப்பேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பால் பொங்கி வழியும், அப்போதும் சுவர்தான். காதுக் கோளாறு என்று காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த மனுஷன் அவளுக்குக் காது கத்தி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எனக்குக் காதில் மாட்ட ஒரு கருவி எழுதிக்கொடுத்தான்.

அடுத்து மனநல மருத்துவர். உள்ளே போனால், என்னிடம் படித்த பெண்! வேதியியல் செய்முறைத் தேர்வில் உப்பு இன்னதென்று கண்டுபிடிக்கத் தெரியாமல் அழுதவள். எனக்கு 'அமிலம்' என்று பட்டப்பெயர் வைத்ததே இவள்தான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். உங்கள் தங்கையிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டு, இது 'டிஸ்ஸோசியேஷன்' என்றாள். முப்பத்தொரு வருஷம் நான் கரும்பலகையில் எழுதின சொல், மச்சான்! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தாளே என்று நான் பிடித்துக்கொண்டேன். அதுக்குப் பேர் பிரிகை, நவச்சாரத்தைச் சூடாக்கினால் இரண்டு வாயுவாகப் பிரியும், மேலே போய்க் குளிர்ந்தால் தானாகவே சேர்ந்து குழாயில் வெள்ளையாகப் படியும், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல். பிறகு சொன்னாள், அவர்கள் படிப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளாம். தாங்க முடியாதது ஒன்று நடந்துகொண்டே இருந்தால் மனசு அதிலிருந்து கழன்றுகொண்டு, தன்னையே தூர நின்று பார்க்குமாம். பேருந்தில் இறங்கும் இடத்தைத் தவறவிடுகிற மாதிரி கொஞ்சமாக எல்லாருக்கும் வருவதுதானாம், அடிக்கடி வந்தால்தான் கவனிக்க வேண்டுமாம். அப்படித் தாங்க முடியாதது எங்கள் வீட்டில் என்னம்மா நடக்கிறது என்று கேட்டேன். நீங்களே கவனித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

எழுதினேன். பழைய செய்முறை நோட்டை எடுத்து, கோடு போட்டு, சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி. வானொலியை நிறுத்திவிட்டுப் பேசினேன், போய்விட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசினேன்; போய்விட்டாள். கூடத்தில் உட்காரவைத்து செய்தித்தாளை உரக்க வாசித்தேன். தலைப்புச் செய்தியிலேயே போய்விட்டாள். அறிவன: ஒலி காரணமன்று, காற்று காரணமன்று, இடம் காரணமன்று. இப்படி நாற்பத்திரண்டு வரி, அடித்தல் திருத்தல் இல்லாமல். அதை வாங்கி அந்தப் பெண் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எனக்கு, மச்சான், எனக்குச் சிவப்பு மை!

"ஒரு சோதனைக்கு ஒண்ணை மட்டும் விலக்கிப் பார்க்கணும்னு நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க. எல்லாத்தையும் விலக்கிப் பார்த்துட்டீங்க. உங்கள மட்டும் விலக்கிப் பார்க்கலையே" என்றாள்.

நான் என்ன குடிக்கிறவனா, கை நீட்டுறவனா? பேசினேன். கட்டினவகிட்ட பேசாம பக்கத்து வீட்டுக்காரிகிட்டயா போய்ப் பேசுறது? பள்ளிக்கூடத்துல நான் வாயத் திறந்தா நாப்பது பேர் மூச்சு விடமாட்டான். இப்ப யோசிச்சா அவனுங்களும் ஜன்னலத்தான் பார்த்துட்டு இருந்திருப்பானுங்கன்னு தோணுது. எனக்கு பயமா இருக்கு மச்சான். ஒருநாள் இப்படிப் போனவ திரும்பாமலே இருந்துட்டா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் உங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை புருஷன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உறையை ஒட்டிய பிறகு, அந்தப் பெண் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது. தபால் நிலையம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே மாடிப்படிக்குக் கீழே, சமையலறை ஜன்னல் ஓரமாக, ஒரு மணி நேரம் நின்றேன். பாலைச் சரியான நேரத்தில் இறக்கினாள். பாத்திரத்தைத் தன் இஷ்டத்துக்குத் தேய்த்தாள். பிறகு தொலைபேசியில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். "அண்ணே, அண்ணே" என்றாள், ஆகவே பேசியது உங்களிடம்தான். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதை மறந்தே போயிருந்தேன். நான் உள்ளே வந்து என்ன பேசினாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் போய்விட்டாள். நீங்கள் வர வேண்டாம். நான் மட்டும் அங்கே வருகிறேன். எத்தனை நாள் தங்கட்டும் என்று அவளையே கேட்டு எழுதுங்கள். உங்களிடம் என்றால் சொல்வாள்.