ஒரு கரண்டி நிலா

"நல்லா வரையறியே" என்று யாராவது ஒரு தடவை சொன்னால் போதும், அதை நம்பி ஒரு சுவரையே நாசம் பண்ணக்கூடியவன் நான். பண்ணியும் இருக்கிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் என் மாமனார் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் காசிமேட்டில் படகு ஓட்டியவர். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கடல் எனக்கு பஜ்ஜி சாப்பிடும் இடம். (கால் நனைத்தால் சளி பிடிக்கும்.) அந்த 'சார்' எப்படியாவது 'மாப்ள' ஆக வேண்டும். அதற்காகத்தான் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டின் ஹால் சுவரில், அவர் எப்போதோ விற்றுவிட்ட குடும்பப் படகை வரையத் துணிந்தேன். என் மனைவி செல்வியிடம் அதன் பழைய போட்டோ ஒன்று இருந்தது.

போட்டோவில் படகுக்கு மேலே, வானத்தில், பழுப்பாக ஒரு வட்டம். நிலா! உருகிவிட்டேன். (கறுப்பு வெள்ளைப் படத்தில் நிலா மட்டும் எப்படிப் பழுப்பானது என்று யோசிக்கத் தோன்றவில்லை.)

பத்து நாள், விடியற்காலையில், ஏரிக்காற்று ஜன்னல் வழியே வர வர வரைந்தேன். நீலம் குழைக்கும்போது ஹாலே மெல்ல அசைவது போலிருக்கும். ஒருநாள் பிரஷ்ஷும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தவன் அப்படியே படகேறிப் போய்விட்டேன். "இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?" என்று செல்வி கேட்ட பிறகுதான் கரைக்கு வந்தேன். முழுநிலா, வலை வீசும் படகு, தண்ணீரெல்லாம் தாமிரத் துண்டுகள்.

கிரகப்பிரவேசத்தன்று மாமனார் தன் தம்பிகளோடு வந்து சுவர் முன்னால் நின்றார். கண்ணைச் சுருக்கி நிலாவையே பார்த்தார். (அழுதால் கொடுக்கலாமென்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.)

"படகு நம்மளுதுதான் சார். ஆனா பௌர்ணமில வலை வுட்டுகினு கீறானே, யாரு இவன்? அந்த வெளிச்சத்துல மீனு மாட்டாதே."

"போட்டோல நிலா இருந்துச்சே மாமா" என்று நீட்டினேன்.

வாங்கி, நகத்தால் சுரண்டினார். நிலாவில் ஒரு ஓரம் உதிர்ந்தது.

"இது மீன் கொயம்பு சார். செல்வி சின்னதுல சோறு துன்னுகினே பாத்துச்சு."

"நிலா நீங்களா கற்பனையில போட்டதுன்னு நெனச்சேன்" என்றபடி செல்வி சமையலறைக்குள் நழுவினாள்.

தம்பிகள் சிரித்த சிரிப்பில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது. நாளைக்கே வெள்ளையடித்துவிடுகிறேன் என்றேன்.

"வோணாம்" என்றார் மாமனார். தம்பிகள் பக்கம் திரும்பினார். "கடலுக்கே போவாத மாப்ள, பௌர்ணமில வலை வுட்டுட்டாரு. நமக்கு இருந்துச்சாடா அந்த தெகிரியம்?"

மூன்று வருஷக் கனவு, குழம்பு வழியாக வந்து சேர்ந்தது.

நிலா இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் சோற்றில் குழி பண்ணித் தட்டை என் பக்கம் நகர்த்துவார்.

"மாப்ளே, ஒரு கரண்டி நிலா ஊத்து."