டெரன்ஸுக்கு இடுப்புப் பிடிப்பு

அரசாங்க ஊழியர்களுக்கு இனிமேல் ஒரு செப்புக்காசுகூடச் சம்பளம் ஏற விடக்கூடாது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. அதை வீட்டில் சொல்வதில்தான் சிரமம். ஏனென்றால் என் வீட்டில் இருப்பதே ஓர் அரசாங்க ஊழியர்.

பெயர் கிளெனிஸ். வேலை, ஊர் நூலகத்தில். உறவுமுறை, என் மனைவி.

நான் நெவில். டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், காற்று கதவைத் தட்டாமலே உள்ளே வந்து உட்காரும் ஒரு சின்ன ஊரில் பைக் கடை வைத்திருக்கிறேன். பை என்றால் தோளில் மாட்டுவது அல்ல. மாவுக்குள் மசாலா வைத்துச் சுட்டு, மேலே தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிடுவது. என் சிப்பிப் பைக்காகப் பெரிய ஊரான பர்னியிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மாநில அரசு ஊழியர்கள் எல்லோரும் அரை நாள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். சம்பள உயர்வு வேண்டுமாம். ஊர்வலம் முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்தார்கள். என் பையை வாங்கித் தின்றார்கள். தின்றுகொண்டே, சம்பளம் பற்றவில்லை என்று கோஷம் போட்டார்கள். நான் வரி கட்டுகிறவன். என் பையையும் தின்றுவிட்டு என் பையிலேயே கையும் வைப்பதா?

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கிளெனிஸ், உங்க ஆளுங்க கேக்கறது கொஞ்சம் ஓவரா இல்ல?"

"எது ஓவர்?"

"சம்பள உயர்வு."

"விலைவாசி மொட்டை மாடிக்குப் போயிடுச்சு. எங்க சம்பளம் இன்னும் வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கு."

"நாள் பூரா ஹீட்டர் பக்கத்துல உக்காந்து கதைப் புஸ்தகம் படிக்கறதுக்கு இன்னும் எவ்வளவுதான் குடுப்பாங்க?"

கிளெனிஸ் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன, கண்ணா?"

அவள் என்னை நெவில் என்று கூப்பிட்டால் சமாதான காலம். நெவ் என்றால் திருவிழா. கண்ணா என்றால் வேலியைத் தாண்டி ஓட வேண்டிய நேரம்.

"உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்குன்னு சொன்னேன்."

வீட்டில் பேச முடியாதவன் எங்கே பேசுவான்? நாட்டைப் பார்த்துப் பேசுவான். மறுநாள் காலை வியாபாரம் ஓய்ந்ததும், மாவு மூட்டைகள் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வானொலியில் ஷெரில் என்ற பெண் நடத்தும் நேயர் நிகழ்ச்சிக்குப் போன் செய்தேன்.

"லைன்ல யாரு?"

"டெரன்ஸ். லான்செஸ்டன்ல இருந்து பேசறேன்."

எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும், மாவுத் தூசிக்கு ஒரு தும்மல் வந்து போன பிறகு, குரல் தானாகவே இறங்கிக் கனமானது. நெவிலுக்கு இல்லாத நெஞ்சு டெரன்ஸுக்கு இருந்தது.

"சொல்லுங்க டெரன்ஸ்."

"அரசாங்க ஊழியருங்கள்ல பாதிப் பேரு வேலை செய்யறதில்ல. மீதிப் பாதி, அந்தப் பாதி வேலை செய்யுதான்னு மேற்பார்வை பாக்குது. லைப்ரரியவே எடுத்துக்குங்க. அதெல்லாம் ஒரு வேலையா? ஒரு கைல பை வச்சுத் தின்னுக்கிட்டே இன்னொரு கையால நான் செஞ்சு காட்டுவேன்!"

ஷெரில் விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் கூப்பிடச் சொன்னாள். நானும் தினமும் கூப்பிட்டேன். ரயில்வே, பள்ளிக்கூடம், சாலைப் பணியாளர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "அந்த டெரன்ஸ் பேசறத கேட்டியா?" என்று என்னிடமே கேட்டார்கள். புகழ் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உப்பே போட வேண்டாம்.

அந்த வாரமே ஒரு நாள் கிளெனிஸ் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ரேடியோல டெரன்ஸ்னு ஒருத்தர் பேசறாரு, கேட்டிருக்கியா?"

எனக்கு டீ புரையேறியது. "இல்லையே. எனக்கு எங்க நேரம்?"

"எங்களத்தான் திட்டறாரு. ஆனா என்ன குரல்! என்ன கம்பீரம்!"

"அப்படியா?"

"மழை நாள்ல ஓட்டு வீட்டுக்குள்ள உக்காந்து இடி கேக்கற மாதிரி இருக்கு."

முதலில் உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டு வாய் டீ குடித்த பிறகு சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவள் என்னை இடி என்று சொன்னதே இல்லை. தலையிடி என்று சொல்லியிருக்கிறாள்.

"கிழவனா இருப்பான்" என்றேன்.

"குரல் அப்படி இல்லையே."

"குண்டா இருப்பான்."

"இருந்தா என்ன? எனக்கு ஒல்லிதான் பிடிக்கும்னா உன்னையா கட்டியிருப்பேன்?"

நூலகத்துக்காரி அல்லவா? நூல் விட்டுப் பார்த்தாள். அது அப்போது எனக்குப் புரியவில்லை. அன்று படுக்கப் போகும்வரை, நான்தான் அந்த ஆள் என்பதையே மறந்து அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போன் செய்தபோது ஷெரில் தயாராக இருந்தாள்.

"டெரன்ஸ், உங்களுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு. ஒரு கரையோர ஊர் லைப்ரரில இருந்து. வியாழக்கிழமை காலைல வந்து அவங்க வேலைய செஞ்சு பாக்கச் சொல்றாங்க. ஒரு கையாலயே செய்யலாமாம். தயாரா?"

மாநிலமே கேட்டுக்கொண்டிருக்கும்போது முடியாது என்று நெவில் சொல்வான். டெரன்ஸ் சொல்வானா?

"ரெண்டு கைலயும் பையோட வரேன்!" என்று கர்ஜித்தேன்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். யோசித்ததில் பயம் போய்விட்டது. இல்லாத டெரன்ஸ் எப்படி வருவான்? வர மாட்டான். கதை முடிந்தது.

முடியவில்லை. புதன்கிழமை கிளெனிஸ் முடி வெட்டிக்கொண்டு வந்தாள். பச்சை உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். என் தங்கை கல்யாணத்துக்குக்கூட வெளியே வராத உடுப்பு அது.

"எதுக்கு இதெல்லாம்?"

"நாளைக்கு டெரன்ஸ் வராரு இல்ல?"

"வரலைன்னா?"

"வரலைன்னா ஷெரில் ரேடியோல சொல்லிடுவா, ஆளு பயந்தாங்கொள்ளின்னு. ஆனா அவரு வருவாரு. அவரு குரலப் பாத்தா சொன்ன வாக்கு தவறாத ஆளு மாதிரி தெரியுது. உன்ன மாதிரியா? கூரைல ஓட்டைய அடைக்கறேன்னு எத்தன நாளா சொல்லிக்கிட்டிருக்க?"

டெரன்ஸைப் பயந்தாங்கொள்ளி என்பதா? என் சொந்தப் பிள்ளையைச் சொன்னது போல வலித்தது. போனால் நெவில் மாட்டிக்கொள்வான். போகாவிட்டால் டெரன்ஸ் மானம் போகும். அடுப்பு முன்னால் நின்று யோசித்து யோசித்து ஒரு தட்டு பையைக் கருக்கினேன். ஆனால் வழி பிறந்தது.

"கிளெனிஸ், ஒரு விஷயம். அந்த டெரன்ஸ் இன்னிக்கு நம்ம கடைக்குப் பை வாங்க வந்திருந்தான்."

"நெசமாவா? எப்படி இருந்தாரு?"

"சுமார்தான். பாவம், இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம். குனிய முடியல, நிமிர முடியல. எனக்குப் பதிலா நீ போயிட்டு வா நெவில்னு கெஞ்சினான். சரின்னுட்டேன்."

கிளெனிஸ் பச்சை உடுப்பைத் திரும்ப அலமாரியில் மாட்டினாள்.

"உனக்கு எவ்வளவு நல்ல மனசு, கண்ணா!"

அந்தக் 'கண்ணா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அரை நாள் கடையை அடைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். வெளியே புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியைத் திறப்பதுதான் முதல் வேலை. ஒரு துப்பறியும் கதையில், கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில், பக்க அடையாளத்துக்குப் பொரித்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள்.

"இத என்ன பண்றது?"

"இன்னிக்கு ஒண்ணுதான். அதிர்ஷ்டக்காரன் நீ" என்றாள் கிளெனிஸ்.

கதவு திறந்ததும் ஒரு அம்மாள் வந்தார். "போன வருஷம் ஒரு புஸ்தகம் எடுத்தேன். அது வேணும்."

"பேரு என்னங்க?"

"நீல அட்டை."

"எழுதினவங்க?"

"நீலம்னு சொல்றேனே, காதுல விழலையா?"

அவருக்குப் பின்னால் ஆல்பி. மீன்பிடி படகை விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். கம்ப்யூட்டரில் ரகசியச் சொல் மறந்துவிட்டது.

"நாய் பேருதான் வச்சேன்" என்றார்.

"எந்த நாய்?"

"செத்துப்போச்சே, அது."

"எது செத்துப்போச்சு?"

"எல்லாமே செத்துப்போச்சு, தம்பி."

ஆல்பி தன் வாழ்நாளில் வளர்த்த நாய்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் துக்கம் விசாரித்தோம். கடைசியில் அது பூனையின் பெயர்.

அப்புறம் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம். கம்பளத்தில் கும்பலாக உட்கார்ந்திருந்த வாண்டுகள் என்னைப் பார்த்தன. நான் புத்தகத்தைப் படித்தேன். ஒருத்தி எழுந்து வந்து என் மூக்கைப் பிடித்து, "குதி" என்றாள். கதையில் தவளை வருகிறது. தவளை குதித்தால் கதை சொல்பவரும் குதிக்க வேண்டுமாம். குதித்தேன். என் முழங்கால் பட்டாசு மாதிரி வெடித்தது. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" அந்தக் கதையில் தவளை ஏன் அத்தனை பக்கத்திலும் வந்தது என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தபோது ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். குழந்தை அழுத அழுகையில் அலமாரிகள் அதிர்ந்தன. அவள் புத்தகம் எதுவும் கேட்கவில்லை. ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கிளெனிஸும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

"பிடி" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு கிளெனிஸ் நீல அட்டை அம்மாளைத் தேடிப் போனாள்.

"எனக்குப் பிடிக்கத் தெரியாதே!"

"பை தட்டு மாதிரி பிடி. சாய்க்காத."

சாய்க்காமல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, என் கழுத்தில் ஒரு ஈரமான மூக்கு ஒட்டிக்கொண்டது. கை மரத்துப்போனது. மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை. அந்தப் பெண் விழித்ததும் பதறிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "இது லைப்ரரிம்மா. எதையும் உடனே திருப்பிக் கேக்க மாட்டோம்" என்றாள் கிளெனிஸ். அந்தப் பெண் சிரித்தாள். நான் நீல அட்டைகளைப் பார்ப்பது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி. பழைய புத்தகங்கள்.

வீட்டில் சோபாவில் விழுந்து வெந்நீரில் காலை வைத்தேன்.

"டெரன்ஸ் இத ஒத்தக் கையால செஞ்சிருப்பாரு இல்ல?" என்றாள்.

"செஞ்சிருப்பான், பாவி."

வெள்ளிக்கிழமை மாவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஷெரில், நான் டெரன்ஸ். நான் சொன்னதெல்லாம் தப்பு. அவங்க கேக்கறத குடுத்துடுங்க. கேக்காததையும் குடுங்க. அந்த வேலைய நான் பை தின்னுக்கிட்டுச் செய்ய முடியாது. பை தின்ன நேரமே கிடைக்காது!"

"அருமை டெரன்ஸ். இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

"இடுப்புக்கு என்ன? முழங்கால்தான் போச்சு. அந்தத் தவளை..."

ஒரு கணம் மாநிலம் முழுவதும் அமைதி.

"அதாவது, நெவிலோட முழங்கால்."

"புரியுது நெவில்."

"நெவில் இல்ல, டெரன்ஸ்."

"சரிங்க நெவில்."

வீட்டுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். கிளெனிஸ் வாசலிலேயே நின்றாள்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் நாளே. நீ 'டெரன்ஸ்'னு சொன்னதும் ஒரு மாவுத் தும்மல் போட்ட பாரு. இத்தன வருஷமா பக்கத்துல படுக்கறேன், உன் தும்மல் எனக்குத் தெரியாதா?"

"ஷெரிலுக்கு?"

"நாந்தான் சொன்னேன்."

"அப்ப அந்தக் கம்பீரம், இடி, மழையெல்லாம்?"

அவள் உள்ளே போகத் திரும்பினாள். "அது மட்டும் நெசம், நெவ்."

அதற்கப்புறம் நான் அரசாங்க ஊழியர்கள் கட்சி. கடை ஜன்னலில் ஆதரவுத் தட்டி வைத்தேன். அடுத்த ஊர்வலத்தில் நொண்டிக்கொண்டே நடந்தேன். குளிர்காலம் முடிவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. கேட்டது முழுக்க இல்லாவிட்டாலும் உயர்வு கிடைத்தது. அன்று மேலே மாவில் 'கிளெனிஸ்' என்று எழுதி ஒரு பெரிய சிப்பிப் பை சுட்டேன்.

"வர்ற காசை என்ன பண்ணப் போற?" என்றேன்.

"வாரத்துல அரை நாள் வேலையக் குறைச்சுக்கிட்டேன். சம்பளம் முன்ன வந்த அளவுக்கே வந்துடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இனிமே நான் ஃப்ரீ."

"நல்லா ஓய்வெடு. உனக்கு வேணும்."

"ஓய்வா? உன் கடைக்கு வரேன். உதவிக்கு."

வந்தாள். சாஸ் புட்டியை இடம் மாற்றினாள். ஜன்னலோரம் நாலு நாற்காலி போட்டாள். வருகிறவர்களின் பெயரையும், முட்டி வலியையும், பேரன் பரீட்சையையும் விசாரித்தாள். என்னைப் பின்பக்கம் தட்டு கழுவ அனுப்பினாள். வியாபாரம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வாசல் வரை வரிசை. குறை சொல்லக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

போன திங்கட்கிழமை, வழக்கமாக வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிற ஒருவர் உள்ளே வந்தார். கல்லாவில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓனர் இல்லீங்களா?"