பத்தொன்பதாவது பாட்டில்

வீடு மாறும்போது ஒரு சொட்டைக்கூட வீணாக்குவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதான தீர்மானம். ஓட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான்.

சொட்டு என்றால் தண்ணீர் இல்லை. குளியலறை ஆசிட், தரைக்குப் பினாயில், பெயிண்டில் கலக்கும் தின்னர், சாக்கடை அடைப்பு மருந்து, கரப்பான் மருந்து, துணி வெளுக்கும் ப்ளீச். பதினோரு வருடமாக இந்த வாடகை வீட்டில் நான் சேர்த்த சொத்து. எதை வாங்கினாலும் பெரிய கேனாக வாங்குவேன். பாதி தீர்ந்ததும் கேன் இடத்தை அடைக்கிறதே என்று காலி ஜூஸ் பாட்டிலில் மாற்றுவேன். மொத்தம் பதினெட்டு பாட்டில். எதன்மேலும் பெயர் கிடையாது. பெற்றவனுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாதா?

இத்தனைக்கும் நான் முப்பது வருடமாக ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே சீட்டு ஒட்டாத ஆணிகூட அலமாரி ஏற முடியாது. ஏறினால் நானே இறக்கிவிடுவேன்.

காலையில் லாரி வந்தது. ஆட்களோடு வந்த மேஸ்திரி என் பாட்டில் வரிசையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"சார், இது லாரியில ஏறாது."

"ஏன் ஏறாது? பீரோவே ஏறுது!"

"பீரோ ஒழுகாது சார்."

சரி, என் கார் இருக்கிறதே. ஆனால் பின்னால் ஏற்கெனவே பாத்திர மூட்டை. பதினெட்டும் கொள்ளாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கேன் ஒன்றைத் திறந்து முதல் பாட்டிலைச் சாய்க்கப் போனேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க?"

"எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்திட்டா இடம் மிச்சம்."

"எதை எதோட?"

"கழுவறதைக் கழுவறதோட."

"ஆசிட்டும் ப்ளீச்சும் சேந்தா விஷப் புகை வரும். நாம ரெண்டு பேரும் இங்கயே விழுந்து கெடப்போம். சாமான் மட்டும் புது வீட்டுக்குக் குடி போகும்."

"சரி, கலக்கல. தனித்தனியா எடுத்துட்டு வர்றேன்."

"எதுக்கு? சாயங்காலம் உங்க பொண்ணு குழந்தையோட வர்றா. அதுக்கு ஒண்ணே கால் வயசு. கண்ணுல பட்டதெல்லாம் வாய்க்குத்தான். போன தடவை உங்க செருப்பையே நக்கிச்சு. நீங்க எல்லாத்தையும் ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கீங்க. அந்தப் பிஞ்சு எதைன்னு கண்டுச்சு?"

"உயரமான இடத்துல வைப்பேன்."

"இங்க வந்தப்பவும் அதேதான் சொன்னீங்க. பதினோரு வருஷமா எல்லாம் ஸிங்குக்குக் கீழதான் இருக்கு."

உண்மைதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. "ஒரு பாட்டிலைக்கூட விடமாட்டேன்!" என்று கத்தினேன். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"சரிங்க," என்றாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்னது மூன்று தடவை. மூன்றிலும் தோற்றவன் நான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா ஒவ்வொண்ணா பேரு சொல்லுங்க, எழுதி ஒட்டறேன். எல்லாம் சரியா இருந்தா கார்ல வரட்டும். ஒண்ணே ஒண்ணு தப்பானாலும் மொத்தமும் நகராட்சிக் கழிவு மையத்துக்கு. சம்மதமா?"

"தப்பா? நானா? எழுதிக்கோ!"

சீட்டும் பசையும் பேனாவும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அதையும் நான் கவனிக்கவில்லை.

"ஒண்ணு?"

"பினாயில்."

"ரெண்டு?"

"ஆசிட்."

"மூணு?"

"அதுவும் ஆசிட். ரெண்டும் அண்ணன் தம்பி."

"நாலு? நீலமா இருக்கு."

"கண்ணாடி துடைக்கறது."

"போன மாசம் இதைக் கரப்பான் மருந்துன்னீங்க?"

"ரெண்டுக்கும் பொது."

ஐந்தாவதை மூக்கருகே கொண்டுபோனேன். கையிலேயே ஒன்று வைத்தாள். "மோந்து பாக்காதீங்க! மூக்கு வெந்துடும். பாத்துச் சொல்லுங்க, பெத்தவராச்சே!"

உங்களிடம் மறைப்பானேன்? ஆறாவது பாட்டிலுக்குமேல் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக நுரைத்ததைச் சோப்பு என்றேன். மஞ்சளாக இருந்ததை அடைப்பு மருந்து என்றேன். தெரியாமல் போகப் போக என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதி எழுதி ஒட்டினாள். வாஷிங் மெஷினைத் தூக்கியபடி மேஸ்திரி வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"பன்னெண்டு?"

செம்பழுப்பாக, தெளிவாக, அழகாக இருந்தது.

"வார்னிஷ்," என்றேன்.

"நிச்சயமா?"

"முப்பது வருஷ சர்வீஸ்ம்மா! முதல் தர வார்னிஷ். ரெண்டு கை அடிச்சா மேசையில முகம் பாக்கலாம்."

"யாராவது தெரியாம குடிச்சுட்டா?"

"குடலுக்கே பாலீஷ் போட்டுடும். ஆளு தேறாது."

மூடியைத் திருகினாள். அண்ணாந்தாள். மடக் மடக்கென்று மூன்று வாய்.

"ஐயோ!" என்ற சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அது என் சத்தம்தான். "டாக்டரைக் கூப்பிடுங்க! வாந்தி எடுக்காதே! எடுத்துடு! எடுக்காதே!" மேஸ்திரி வாஷிங் மெஷினைத் தன் கால்மேலேயே வைத்துவிட்டு அவரும் ஒரு தனி ஐயோ போட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி," என்றாள்.

"எ... என்னது?"

"டீ. பால் ஊத்தாத டீ. நேத்து புது பாட்டில் வாங்கிக் கழுவி வச்சேன். காலையில நீங்க பல்லு விளக்கப் போனப்ப டீயை ஊத்தி வரிசையில சேத்தேன். பதினெட்டு பத்தொன்பதாச்சு. ஸ்டாக் எடுக்கறவருக்கு அதுகூடத் தெரியல."

"அடிப்பாவி! உனக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? நீங்க நடுவுல எதையாவது இடம் மாத்தி வச்சிருப்பீங்களோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். முதல் சொட்டை நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத்தான் முழுங்கினேன்." பாட்டிலை இறுக மூடினாள். "மத்ததையும் இதே நிச்சயத்தோடதான சொன்னீங்க?"

மேஸ்திரி காலைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா சொல்றது நியாயம் சார்," என்றார். அவர் கருத்தை யார் கேட்டது?

பாத்திர மூட்டையை லாரிக்கு அனுப்பிவிட்டு, பதினெட்டையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்திக் காரில் வைத்தாள். கார் ஜன்னல் நான்கையும் இறக்கிவிட்டாள். நான் வீடு வீடாக அழைப்பிதழ் கொடுக்கப் போகிறவன் மாதிரி மெதுவாக ஓட்டினேன்.

கழிவு மையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நாங்கள் ஒட்டிய சீட்டுகளைப் படித்தாள். "இதெல்லாம் உறுதியா தெரியுமா சார்?" என்று கேட்டாள். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதுங்க சார். தப்பான பேருதான் எங்க ஆளுங்களுக்கு ஆபத்து."

படிவத்தில் பதினெட்டு வரி. பதினெட்டிலும் 'தெரியாது' என்று என் கையாலேயே எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'தொழில்' என்று போட்டிருந்தது. பேனா நின்றுவிட்டது.

"ஸ்டோர் கீப்பர்னு எழுதுங்க," என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

சாயங்காலம் புது வீட்டுக்குப் பேத்தி வந்தாள். பெட்டிகளுக்கு நடுவே தவழ்ந்து, நேராக ஸிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஒரு சல்லடையும் இரண்டு கிண்ணமும் மட்டும் இருந்தன. சல்லடையை எடுத்து ஆசை தீரக் கடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மனைவி என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். செம்பழுப்பாக, ஆவி பறந்தது.

"இது என்னன்னு சொல்லுங்க, பாப்போம்."

டம்ளரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"நீயே எழுதி ஒட்டிடும்மா," என்றேன்.