நல்ல மனுசனுக்கு ஒரு துவக்கு

நற்சான்று வழங்குவோர் என்றொரு இனம் இருக்கிறது. பனை வடலி மாதிரி, விதைக்காமலே முளைக்கும். ஊருக்கு ஒன்றாவது நிற்கும்.

நீர்வேலியில் அது கிளரன்ஸ் மாஸ்ரர். ஓய்வுபெற்ற ஆசிரியர், சமாதான நீதவான். முத்திரையும் மைப்பெட்டியும் எந்நேரமும் கையோடு இருக்கும். செத்தவீட்டில் கேட்டாலும் குத்துவார். பாஸ்போட்டுக்கு வந்தவன், வேலைக்கு வந்தவள், அவர்களைக் கூட்டிவந்த ஓட்டோக்காரன், எல்லோரும் அவருக்கு நன்கு தெரிந்தவர்கள், எல்லோரும் நன்னடத்தை உடையவர்கள். இத்தனை நல்லவர்கள் இருக்கும் ஊரில் பொலிசுக்கு என்ன வேலை?

வாழைத் தோட்டக்காரன் பரமலிங்கத்துக்குத் துவக்கு அனுமதி வேண்டுமாம், அதற்கும் ஒரு நற்சான்று தேவை. குரங்கு குலையைத் தின்னுதாம், சுடவேணுமாம். தென்மராட்சிப் பக்கம் குரங்குத் தொல்லை உண்மை. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. வந்தபிறகு விண்ணப்பித்தால் பிந்திவிடுமாம்.

இந்தப் பரமலிங்கத்தை நீதிமன்றம் இரண்டு முறை தண்டித்திருக்கிறது. மருதனார்மடம் சந்தையில் தராசுக்காரனின் மண்டையைப் போத்தலால் உடைத்தது ஒன்று. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனின் கையை மண்வெட்டிப் பிடியால் முறித்தது மற்றது.

முன்னம் அடித்தவன் திரும்பவும் அடிக்கக்கூடும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுமா? மாஸ்ரருக்கு வேண்டும். வெறியில் அடித்தால் அது குடியின் பிழை. வெறியில்லாமல் அடித்தால் கோபத்தின் பிழை. கோபமும் இல்லையென்றால் கூடாத காலம். மனுசனின் பிழை என்று ஒன்று அவரிடம் கிடையாது.

கை முறிந்தவனின் பெண்சாதி பத்மாசினி, பரமலிங்கம் வருமுன்பே மாஸ்ரரின் விறாந்தைக்கு வந்துவிட்டாள். நான் அங்கே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைக்கவேண்டாம் என்று கேட்டாள்.

"அது பழைய கதை பிள்ளை. அதுக்குப் பிறகு அவன் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லைத்தானே?"

"அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவரோடை கதைக்கேல்லை மாஸ்ரர்."

மாஸ்ரர் புன்னகைத்தார். மன்னிப்பதன் மேன்மை பற்றி, முறியாத கையை ஆட்டி ஆட்டி, ஒரு சிறிய பிரசங்கம் வைத்தார்.

"மண்வெட்டியோடை வரேக்கை நான் ஓடித் தப்பினன்," என்றாள் அவள். "வெடிக்கு எவ்வளவு தூரம் ஓடுறது?"

அவள் படலையைத் தாண்டியதும் பரமலிங்கம் ஒரு கதலிக் குலையோடு வந்து இறங்கினான். மாஸ்ரர் எழுதினார், முத்திரையை மையில் தோய்த்தார். பரமலிங்கத்துக்கு மனம் நிறைந்துவிட்டது.

"மாஸ்ரர், உங்கடை வீட்டுப் பின்காணியையும் நான்தான் வாங்கிறன். உங்கடை வேலி அந்தக் காணிக்குள்ளை ரெண்டடி வந்து கிடக்கு. அதுக்கென்ன, நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுத் தீர்ப்பம்."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

மை காய்ந்துபோயிற்றாம். தானே எழுதியதைத் தானே வாசித்துப் பார்த்தார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், "உன்ரை பேரிலை ரெண்டு வழக்கெல்லோ இருந்தது?" என்று கேட்டார்.

பரமலிங்கம் சண்டை பிடிக்கவில்லை. குலையைத் தூக்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனான். அங்கேயும் ஒரு சமாதான நீதவான் இருக்கிறார். அவருடைய வேலி வட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. குத்திவிட்டார்.

துவக்கு வந்துவிட்டது. குரங்கு இன்னும் வரவில்லை. பத்மாசினி உடுப்புக் காயப்போடும் கொடியை வீட்டின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

உங்களிடம் முத்திரை இல்லைத்தான். ஆனால் போன கிழமை யாரோ ஒருவனைப் பற்றி விசாரித்தபோது, "நல்ல பெடியன், கோபம் மட்டும் கொஞ்சம்" என்று சொன்னது யார்?

உங்கள் வேலி எங்கே இருக்கிறது?