நெடுங்கரைப் புல்வெளியின் மானம்

லெஸ்டர்ஷயர்,
அக்டோபர் 1918

அன்புள்ள தம்பி ஏபெலுக்கு,

நானும் உன் அண்ணி கெசியாவும் மாடுகளும் நலம். நீயும் ரூத்தும் பிள்ளைகளும் உன் களிமண் வயலும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

நஷ்டஈடு விஷயம் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். தோற்றுவிட்டேன். ஆனால் தலை நிமிர்ந்து தோற்றேன், அதைக் கேள்.

நம் நெடுங்கரைப் புல்வெளி எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒரு பிடி பிண்ணாக்கு வைக்காமல் மாட்டைக் கொழுக்க வைக்கும் புல் இந்த மாவட்டத்தில் வேறெங்கே இருக்கிறது? அப்பா காலத்தில் கோழி கிளறினால்கூட விரட்டுவோம். அதைப் போய், சண்டைக் காலம், நாட்டுக்குத் தானியம் வேண்டும், உழு என்று மாவட்ட விவசாயக் கமிட்டி உத்தரவு போட்டது. உழத் தெரிந்தவனெல்லாம் பிரான்சில் இருக்க, எனக்கு அனுப்பிய சிப்பாய் ஊரில் முடிவெட்டுகிறவனாம். அவன் ஓட்டிய கோணல் உழவுச்சாலைப் பார்த்து மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன. விதைத்த ஓட்ஸில் பாதியை வேர்ப்புழு தின்றது. நஷ்டஈடு கேட்டு எழுதினேன்.

அறுப்புக்கு முன்னால் மதிப்பீடு செய்யக் கமிட்டியிலிருந்து பெல்லாமி என்றொருவர் வந்தார். பக்கத்துப் பண்ணை கில்லிவர் அதற்கு முன்பே அவரிடம் தன் நிலம் ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று மூக்கைச் சிந்தி அழுது, கேட்ட நஷ்டஈட்டை வாங்கியிருந்தான். வெட்கங்கெட்டவன். கெசியா காலையிலிருந்தே எனக்குப் பாடம் நடத்தினாள்.

"இங்க பாருங்க, பயிர் போச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. உங்க பெருமையைக் காட்டுற எடம் இது இல்ல."

நின்றேன், தம்பி. சத்தியமாக நின்றேன். பெல்லாமி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார்.

"பாவம், சத்தில்லாத மண்ணுங்க. கவலைப்படாதீங்க, நஷ்டஈடு கெடைச்சிடும்."

எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. கெசியா கோட்டைப் பிடித்து இழுக்க இழுக்க, அவரைப் புழு படாத கிழக்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்ஸ் அவர் தொப்பிக்கு மேலே நிற்கிறது. உள்ளே போனவர் வெளியே வர வழி தெரியாமல் என்னைக் கூப்பிடுகிறார். அதோடு விட்டேனா? என்னுடைய பாதிப் பயிர் அடுத்தவன் முழுப் பயிருக்குச் சமம், எனக்காய்யா நஷ்டம் என்று கேட்டும் விட்டேன். கேட்ட பிறகுதான் கெசியாவின் முகத்தைப் பார்த்தேன்.

மிகச் செழிப்பான நிலம், நஷ்டம் ஏதுமில்லை என்று தீர்ப்பு வந்தது. சல்லிக்காசு கிடையாது. கெசியா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டேன். கில்லிவர் தன் வீட்டுச் சுவரில் எதை மாட்டுவான்?

ஒன்று மட்டும் நிச்சயம். நான் உயிரோடிருக்கும் வரை மிச்சமுள்ள இரண்டு புல்வெளிகளிலும் கலப்பை படாது. எழுதி வைத்துக்கொள்.

ரூத்துக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

உன் அண்ணன்,
ஜொசையா டெயில்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரர் சொல்லிவிட்டுப் போகிறார், அடுத்த வருஷம் உழ வேண்டிய நிலங்களைக் கமிட்டி அறிவித்துவிட்டதாம். கில்லிவரின் தரிசு அதில் இருக்கிறது; என் புல்வெளிகள் இல்லை. அவன் நிலத்தைவிட நம்முடையது மட்டம் என்று ஊர் பேசாதா? இரண்டையும் உழ உத்தரவு போடச் சொல்லி நாளைக் காலையில் மனு கொடுக்கப் போகிறேன். கலப்பையோடு உடனே புறப்பட்டு வா. அண்ணி கேட்டால் மாடு பார்க்க வந்ததாகச் சொல்.