முனகல் மாஸ்டர்

முனகுவதற்கு என்று வகுப்பு நடத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே, எங்கள் ஆவடிக்காரர்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். பருத்திப்பட்டுப் பக்கம் முனகல் மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

நான் சலூன் வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. தலையைத் திருப்பச் சொல்லக்கூட விரலால்தான் தள்ளுவேன். என் கடை பெஞ்சுதான் அவருக்கு வகுப்பறை.

பணியில் அடிபட்ட சிப்பாய்கள் ஊன பென்ஷன் கேட்டால், ராணுவ டாக்டர்கள் உட்கார்ந்து பரிசோதிப்பார்கள். அதற்கு மெடிக்கல் போர்டு என்று பெயர். போர்டுக்குப் போகிற காலையில் நம் ஆட்கள் முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். மழமழவென்று மழித்து, மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். மாஸ்டருக்கு அதுதான் ஆகாது.

"இன்னா, பொண்ணு பாக்கவா போறே? கத்தியைக் கீழ வைடா நைனா!" என்று என் கையைப் பிடித்துவிடுவார். பாதி நுரையோடு எழுந்து போனவர்கள் உண்டு.

ஒருநாள் ஆரோக்கியசாமி வந்தார். பட்டாளத்தில் டிரைவராக இருந்து, முதுகில் அடிபட்டவர்.

"முதுகு எப்டி கீது?" என்றார் மாஸ்டர்.

"பரவால்லண்ணே."

"போச்சு! நீ பரவால்லன்னு சொன்னா அவங்களும் பரவால்லன்னு எழுதிடுவாங்க. காலைல பேண்ட்டை யாரு மாட்டி வுடறா?"

ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார். "ஊட்டுக்காரி."

"அத்த சொல்லு! இன்னா டூட்டில வுழுந்தே, எந்த ஆஸ்பத்திரில படுத்தே, அத்தயும் சொல்லு. அந்தச் சீட்டுங்கள எடுத்துகினு போ. பொய் சொல்லாதே. உண்மையக் கம்மி பண்ணியும் சொல்லாதே. இப்ப குனி. வலிக்குதா? முனகு. சத்தமா!"

ஆரோக்கியசாமி முனகினார். பெஞ்சில் இருந்த இரண்டு முன்னாள் சிப்பாய்களும் சேர்ந்து முனகினார்கள். எதிர் பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "இன்னா மாமே, எவன் காதை அறுத்துட்டே?" என்றார்.

ஆரோக்கியசாமிக்குப் பென்ஷன் வந்தது. மாஸ்டருக்குத்தான் வரவில்லை. மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து முழங்கால் நசுங்கியவர் அவர். பட்டாளத்தை விட்டு வந்தபிறகு வந்த நோவு என்று எழுதிவிட்டார்கள்.

"துட்டு கெடக்குது நைனா. இந்தக் காலு டூட்டில போச்சுன்னு அவங்க ஒத்துகினா போதும்" என்பார். அப்பீல் மேல் அப்பீல் போட்டார். கடைசியில் மறுபடியும் போர்டுக்குக் கூப்பிட்டார்கள்.

முள்ளுமுள்ளாகத் தாடியோடு போனவர், சாயங்காலம் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஷேவ் பண்ணு."

நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"டாக்டரம்மா ஒரு கேப்டன். என் பொண்ணை வுட சின்னது. எப்டி இருக்கீங்கன்னு இந்தியில கேட்டுச்சு. தோள்ல ஸ்டாரைப் பாத்தேனா, நான் எங்க எந்திரிச்சேன், காலுதான் எந்திரிச்சுது! அட்டென்ஷன்ல டொப்புனு அடிச்சு, சல்யூட் வெச்சு, 'டீக் ஹை, சாப்'னுட்டேன். நல்லா கீறேன்னு நானே என் வாயால சொல்லிட்டு வரேன்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய. பேண்ட்டுக்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நான் அன்றைக்கு நுரையைக் கண்ணுக்குக் கீழ் வரைக்கும் தடவினேன்.

அந்த அப்பீலும் தள்ளுபடியானது. அதன்பிறகு மாஸ்டர் வகுப்பை விடவில்லை. கால்தான் அவரை விட்டுக்கொண்டே வந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஷேவ் செய்துவிடப் போனேன். நர்ஸ் வந்து, "தாத்தா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"டீக் ஹை" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"இல்லம்மா" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "அவருக்கு வலிக்குது. போர்வை நுனியப் பாருங்க, கடிச்சே கிழிச்சு வெச்சிருக்காரு. காலு டூட்டில போச்சு."

மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"சத்தமா சொல்லு நைனா."

வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.